கிரிப்டோகாக்கஸ் மூளைக்குள் போய் எதைத் தின்கிறது?

மூளைக்காய்ச்சல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பாக்டீரியா, வைரஸ், அப்புறம் நம் ஊரில் டிபி. பூஞ்சையாலும் வரும் என்று சொன்னால் நம்பாமல் பார்க்கிறார்கள். ஊறுகாய் மேல் படர்வதும் கால்விரல் இடுக்கில் அரிப்பதும்தானே பூஞ்சை, அது எப்படி மூளைக்குப் போகும் என்கிறார்கள். போகிறது. 2020ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துப் போட்ட ஒரு கணக்கின்படி, உலகம் முழுக்க எச்ஐவி உள்ளவர்களில் ஆண்டுக்குச் சுமார் 1,52,000 பேருக்குக் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் வருகிறது, அதில் 1,12,000 பேர் இறந்துபோகிறார்கள். எய்ட்ஸ் தொடர்பான சாவுகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று இது.

நான் மருத்துவமனை ஒன்றின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நோயாளியின் படுக்கைப் பக்கம் எனக்கு வேலை இல்லை, ஆனால் அவருடைய ரத்தமும், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் தண்டுவட நீரில் முதுகு வழியாக எடுத்த கொஞ்சமும் என் மேசைக்கு வந்துதான் போகின்றன. இந்த நோயில் அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அது புரியாததால்தான் குடும்பத்தார் இரண்டாவது தடவை முதுகில் நீர் எடுக்க வேண்டாம் என்று மறுக்கிறார்கள், பொட்டாசியம் சிரப்பைக் கசக்கிறது என்று ஓரமாக வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே உயிர் போகும் விஷயம்.

முதலில் இந்தப் பூஞ்சையைப் பற்றிக் கொஞ்சம். கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் ஒரு செல் பூஞ்சை, ஈஸ்ட் வகை. புறா எச்சம் காய்ந்த மண்ணிலும் மரப்பொந்துகளிலும் இருக்கும். புறாவின் உடல் சூடு 41, 42 டிகிரி என்பதால் புறாவுக்கு நோய் வருவதில்லை. எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலமும் கிரியேட்டினினும் பூஞ்சைக்கு நைட்ரஜன் உணவு. காற்றில் கலந்த அதை நாம் மூச்சில் இழுக்கிறோம், நுரையீரலில் போய் உட்கார்கிறது, நல்ல எதிர்ப்புசக்தி இருந்தால் அங்கேயே அடங்கிக் கிடக்கும். எச்ஐவி அழிக்கும் எதிர்ப்புசக்தி வெள்ளையணுக்களான சிடி4 செல்களின் எண்ணிக்கை 100க்குக் கீழே போகும்போது, அல்லது சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும்போது, அல்லது நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுக்கும்போது, அது கிளம்பி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. எச்ஐவி இல்லாவிட்டால் இந்த நோயே வராது என்று நினைப்பது தப்பு. இதன் நெருங்கிய உறவான கிரிப்டோகாக்கஸ் காட்டீ, முழு ஆரோக்கியமாக இருப்பவர்களையும் தாக்கும். கனடாவின் வான்கூவர் தீவில் 1999 முதல் பரவியது அதுதான்.

உடம்பில் இத்தனை உறுப்பு இருக்க, மூளையை ஏன் தேடிப் போகிறது? இந்தக் கேள்விக்கான விடையில்தான் எனக்கு ஆர்வம் அதிகம்.

மூளையில் இனோசிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் நிறைய இருக்கிறது. மற்ற பூஞ்சைகளோடு ஒப்பிட்டால் இந்தப் பூஞ்சைக்கு இனோசிட்டாலை உள்ளே இழுக்கும் புரதங்கள் அசாதாரணமாக அதிகம், பத்துக்கும் மேல். அதை உணவாகவும் எடுத்துக்கொள்கிறது, தன் மேலுறையைக் கட்டவும் பயன்படுத்துகிறது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைக் கடக்கவும் அதுவே உதவுகிறது. அப்புறம் டோபமின். நாம் இயங்குவதற்கும் மகிழ்ச்சிக்கும் தேவையான அதே டோபமினை லக்கேஸ் என்ற நொதியால் மெலனினாக மாற்றி, தன் சுவரில் பூசிக்கொள்கிறது. நம் வெள்ளையணுக்கள் வீசும் ஆக்சிஜன் தாக்குதலை அந்த மெலனின் தாங்கிக்கொள்ளும், பூஞ்சையைக் கொல்லக் கொடுக்கும் ஆம்ஃபோடெரிசின் மருந்தையும் ஓரளவு தாங்கும். ஆய்வகத்தில் பேயெள்ளு விதை சேர்த்த ஊடகத்தில் இதை வளர்த்தால் கூட்டங்கள் பழுப்பாக மாறுவது இந்த வேதியியலால்தான், மற்ற ஈஸ்டுகளிலிருந்து பிரித்துக் காண அதுவே அடையாளம். மூன்றாவது யூரியேஸ். யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும் நொதி. மூளைக்குள் நுழையும் இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரில் பூஞ்சை ஒட்டிக்கொள்ள இது துணை செய்வதாக எலிகளில் காட்டியிருக்கிறார்கள்.

தின்பதோடு நிற்பதில்லை, தன் பொருட்களையும் அங்கே கொட்டுகிறது. மேனிட்டாலைத் தானே தயாரிக்கும். 1990இல் வெளியான முயல் ஆய்வில், பூஞ்சை புகுத்திய முயல்களின் தண்டுவட நீரில் மேனிட்டால் ஏறியிருந்தது. மூளை வீக்கத்தைக் குறைக்க டாக்டர்கள் நரம்பில் ஏற்றுவார்களே, அதே மேனிட்டால்தான், ஆனால் ரத்தத்தில் இருந்தால் மூளையிலிருந்து நீரை வெளியே இழுக்கும், தடுப்புக்கு உள்பக்கம் இருந்தால் நீரை உள்ளேயே பிடித்துவைக்கும் வாய்ப்பு இருக்கிறது. ட்ரெஹலோஸ் என்ற இன்னொரு சர்க்கரையும் உண்டு. மனித உடம்பு அதைத் தயாரிப்பதே இல்லை, அதனால் மூளைக்குள் பூஞ்சைக் கட்டி இருக்கும் இடத்தில் ட்ரெஹலோஸ் தெரிந்தால் அது பூஞ்சையுடையதுதான். காந்த அதிர்வு முறையில் அதைத் தேடிப் பிடிக்க முடியும் என்று சிட்னி ஆய்வாளர்கள் எலிகளில் செய்து காட்டினார்கள்.

சரி, மூளையின் பக்கம் வருவோம். உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஓய்வில் இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ். சேமிப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது, ரத்தம் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும். தண்டுவட நீரில் சர்க்கரை சாதாரணமாக ரத்தச் சர்க்கரையில் 60 சதவீதம் அளவுக்கு இருக்கும். இந்த நோயில் அது இறங்குகிறது. பூஞ்சை தின்பதால் மட்டும் இறங்குகிறது என்று பாடப்புத்தகத்தில் சுருக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். தடுப்பில் இருக்கும் குளுக்கோஸ் கடத்திகள் சரியாக வேலை செய்யாமல் போவதும், வீக்கத்தால் மூளைத் திசுவே ஆக்சிஜன் பற்றாமல் குளுக்கோஸை அரைகுறையாக எரித்து லாக்டேட் ஆக்குவதும் சேர்ந்துதான் அந்த எண்ணைக் கீழே இழுக்கின்றன. அதனால்தான் ஒரே ரிப்போர்ட்டில் சர்க்கரை இறங்கி லாக்டேட் ஏறி நிற்கும். உகாண்டாவில் இந்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், முதல் நாளே தண்டுவட நீரில் லாக்டேட் அதிகமாக இருந்தவர்களுக்கு நினைவு தடுமாற்றமும் வலிப்பும் சாவும் அதிகம் இருந்தன. ஆய்வகத்தில் இருப்பவளாக எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது, ஏனென்றால் லாக்டேட் கருவி இப்போது பல ஐசியுக்களில் ரத்தத்துக்காக ஏற்கெனவே இருக்கிறது, தண்டுவட நீருக்கும் கேட்டால் செய்ய முடியும், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

சர்க்கரை எண்ணைப் பற்றி இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். முதுகில் நீர் எடுப்பதற்குச் சற்று முன்னால் ரத்தச் சர்க்கரையும் பார்த்திருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் 300 இருந்து தண்டுவட நீரில் 90 வந்தால், 90ஐ மட்டும் பார்ப்பவர் நார்மல் என்று விட்டுவிடுவார், உண்மையில் அது 30 சதவீதம், பெரிய குறைவு. எடுத்த நீரை வார்டிலேயே மறந்து மதியம் அனுப்பினால் அதிலிருக்கும் செல்களே சர்க்கரையைத் தின்று தீர்த்திருக்கும், அப்போது வரும் குறைவு பொய்க் குறைவு. இதற்கு நேர்மாறும் உண்டு: எச்ஐவி முற்றிய சிலருக்கு வெள்ளையணுக்களே வராது, சர்க்கரையும் புரதமும் நார்மலுக்குப் பக்கத்தில் இருக்கும், நீரும் தெளிவாக இருக்கும். உள்ளே கோடிக்கணக்கில் பூஞ்சை இருக்கும். நீர் தெளிவாக இருக்கிறது, செல் எண்ணிக்கை இல்லை என்று சொல்லிப் பூஞ்சைப் பரிசோதனையை விட்டுவிடுவது எனக்குத் தாங்க முடியாத கோபம் தரும் விஷயம். இந்தியா இங்க் என்ற கறுப்பு மை போட்டு நுண்ணோக்கியில் பாருங்கள், பூஞ்சையின் மேலுறைப் பொருளைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிஜென் பட்டைப் பரிசோதனையும் செய்யுங்கள். கறுப்புப் பின்னணியில் செல்லைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். அந்த வளையம்தான் பூஞ்சையின் மேலுறை.

அந்த மேலுறையில்தான் மிச்சக் கதை இருக்கிறது. வெண்டைக்காய் நறுக்கினால் கையில் ஒட்டும் கொழகொழப்பு இருக்கிறதே, அந்த மாதிரியான பலகூட்டுச் சர்க்கரை அது. பூஞ்சை அதைத் தண்டுவட நீரில் உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஒரு பெரியவருக்கு எந்த நேரமும் சுமார் 150 மில்லி தண்டுவட நீர் இருக்கும், ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கும், அதாவது அது தொடர்ந்து வடிந்து ரத்தத்தில் சேர்ந்தாக வேண்டும். வடியும் நுண்ணிய வழிகளில் இந்தக் கொழகொழப்பும் பூஞ்சைச் செல்களும் அடைத்துக்கொண்டால்? சுரப்பது நிற்காது, வடிவது நிற்கும். அழுத்தம் ஏறும். நீர் அளவில் 20 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் 25ஐத் தாண்டும், சிலருக்கு 40, 50 என்று போகும். மண்டை பிளக்கும் தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, கண் பார்வையே போவது, கடைசியில் நினைவிழப்பு. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் அதை எதிர்த்து ரத்தம் உள்ளே போக வேண்டும், போகும் ரத்தம் குறையும், குளுக்கோஸும் ஆக்சிஜனும் குறையும், லாக்டேட் இன்னும் ஏறும். நான் மேலே சொன்ன எண்களும் இந்த அழுத்தமும் வேறு வேறு இல்லை.

இந்த அழுத்தத்துக்கு மருந்து என்ன? மாத்திரை இல்லை. 2002இல் தாய்லாந்தில் அசெட்டசோலமைடு கொடுத்துப் பார்த்தார்கள், அது தண்டுவட நீர் சுரப்பதைக் குறைக்கும் மருந்து. ரத்தத்தில் அமிலம் ஏறி நோயாளிகளுக்குக் கெடுதல் வந்ததால் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் குறையும் என்று பலர் நம்பினார்கள், டிபி மூளைக்காய்ச்சலில் அது உதவுகிறது அல்லவா. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை வைத்து நடந்த பெரிய ஆய்வு, 2016இல் வெளியானது, பாதியிலேயே நிறுத்தப்பட்டது: பூஞ்சை மெதுவாகத்தான் செத்தது, ஊனமும் மற்ற கெடுதல்களும் அதிகமாயின. இந்த நோயில் அழுத்தத்தைக் குறைக்க நிரூபணமான வழி ஒன்றுதான், முதுகில் ஊசி போட்டு நீரை எடுத்துவிடுவது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் தடவைக்குப் பிறகு ஒருமுறையாவது மறுபடி நீர் எடுக்கப்பட்டவர்களுக்குச் சாவு ஆபத்து 69 சதவீதம் குறைவாக இருந்தது.

ஒரு அம்மா ஆய்வக ஜன்னலில் வந்து நின்று கேட்டார், "மேடம், நேத்துதான் எடுத்தாங்க, இன்னைக்கு மறுபடியும் எடுக்கணும்ங்கறாங்க. கால் இழுத்துக்கும்னு ஊர்ல சொல்றாங்க. கையெழுத்துப் போடவா, வேண்டாமா?" இந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவே மாட்டேன், மகன் படுத்துக் கிடக்கும்போது யாருக்குத்தான் பயம் இருக்காது. ஆனால் உண்மை இது: பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதல் அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே, 3க்கும் 4க்கும் நடுவில் அல்லது 4க்கும் 5க்கும் நடுவில், அங்கே நீரில் மிதக்கும் நரம்பிழைகள்தான் இருக்கின்றன. சில நாள் முதுகுவலி, தலைவலி வரலாம். மூளையில் பெரிய கட்டி இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் முதலில் ஸ்கேன் பார்க்க வேண்டும், ரத்தம் உறையாத பிரச்சினை இருந்தால் யோசிக்க வேண்டும், அதை டாக்டர்கள் பார்ப்பார்கள். மற்றபடி இந்த நோயில் முதல் ஊசி நோயைக் கண்டுபிடிக்க, இரண்டாவதும் மூன்றாவதும் சிகிச்சை. "போடுங்கம்மா" என்றுதான் சொன்னேன். அழுத்தம் எவ்வளவு இருந்தது, எத்தனை மில்லி எடுத்தார்கள், எடுத்த பிறகு எவ்வளவு என்று டூட்டி டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவும் சொன்னேன். அழுத்தம் அளக்காமல் வெறுமனே சாம்பிள் மட்டும் எடுத்து அனுப்புவது பல இடங்களில் நடக்கிறது, அது பாதி வேலை.

அடுத்து உடம்பு. நோயே சோடியத்தைக் குறைக்கும், வாந்தி பொட்டாசியத்தைக் குறைக்கும், சாப்பாடு இறங்காது, தசை கரையும். அதன் மேல் மருந்து வருகிறது. ஆம்ஃபோடெரிசின், வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து 1950களில் பிரித்த மருந்து. பூஞ்சைச் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெராலைப் பிடித்துச் சவ்வைக் கெடுக்கிறது. நம் செல்களில் இருப்பது கொலஸ்டெரால், அதையும் ஓரளவு பிடிக்கிறது, சிறுநீரகக் குழாய்களின் சவ்வையும் கசிய விடுகிறது. பொட்டாசியமும் மெக்னீசியமும் சிறுநீரில் ஓடுகின்றன, சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறுகிறது, ரத்தம் அமிலப் பக்கம் சாய்கிறது, இரண்டு வாரத்தில் ஹீமோகுளோபின் சுமார் 2 கிராம் இறங்குவது சாதாரணம். பொட்டாசியம் ரொம்ப இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். மூளைக்காய்ச்சலில் பிழைத்துவரும் ஒருவர் பொட்டாசியத்தால் போவது தவிர்க்கக்கூடிய சாவு.

மெக்னீசியம் இறங்கியிருக்கும்போது பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது, சிறுநீரகம் அதைப் பிடித்துவைக்காது. அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், ஆனால் எங்களுக்கு வரும் படிவங்களில் பொட்டாசியம் மட்டும்தான் டிக் அடித்திருக்கும். இன்னொரு ஆபத்து, ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து எண் நார்மலாகக் காட்டும், உள்ளே நோயாளிக்கு 2.5 என்று ஆபத்தாக இறங்கியிருக்கும். சீரம் இளஞ்சிவப்பாக வந்தால் எண் வெளியே போகாமல் மறுபடி ரத்தம் கேட்பேன், வார்டில் திட்டுவார்கள், பரவாயில்லை. ஆம்ஃபோடெரிசின் ஏற்றுவதற்கு முன் ஒரு லிட்டர் சலைன் ஏற்றுவதும், எண் இறங்கும் வரை காத்திருக்காமல் முதலிலிருந்தே பொட்டாசியமும் மெக்னீசியமும் கொடுப்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அந்தச் சிரப் கசக்கத்தான் செய்யும், வயிற்றைப் புரட்டும், தண்ணீரில் நன்றாகக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இளநீர் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இளநீரில் பொட்டாசியம் உண்டு, ஆனால் சிரப்புக்கு அது மாற்று ஆகாது, கிரியேட்டினின் ஏறி சிறுநீர் குறைந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

கூடவே கொடுக்கும் ஃப்ளூசைட்டோசின் இன்னொரு வகை. பூஞ்சையிடம் ஒரு நொதி இருக்கிறது, அது இந்த மருந்தைப் புற்றுநோய் மருந்தான ஃப்ளூரோயுராசிலாக மாற்றித் தன்னையே கொன்றுகொள்கிறது. நம் செல்களில் அந்த நொதி இல்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்களிடம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நமக்கும் கெடுதல் வரும், எலும்பு மஜ்ஜை சோரும். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அந்தச் சிறுநீரகத்தைத்தான் ஆம்ஃபோடெரிசின் கெடுக்கிறது. கிரியேட்டினின் ஏற ஏற இந்த மருந்து உடம்பில் தேங்கும், வெள்ளையணு இறங்கும். ஒரு எண் இன்னொரு எண்ணை இழுத்துக்கொண்டு போவதை இந்த நோயில் பார்க்கிற மாதிரி நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் நல்ல செய்தி உண்டு. போட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய 5 நாடுகளில் 844 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. கொழுப்புக் குமிழியில் பொதிந்த லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசினை, எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று ஒரே ஒரு தடவை ஏற்றி, 14 நாள் ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தும் வாயால் கொடுத்தார்கள். 10 வாரத்தில் இறந்தவர்கள் 24.8 சதவீதம், ஏழு நாள் பழைய ஆம்ஃபோடெரிசின் எடுத்தவர்களில் 28.7 சதவீதம். ரத்தசோகையும் சிறுநீரகக் கெடுதலும் கண்கூடாகக் குறைந்தன. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. மருந்து கையில் கிடைத்தால்தானே பரிந்துரைக்குப் பொருள், ஃப்ளூசைட்டோசின் நம் நாட்டில் ரொம்ப காலம் எளிதில் கிடைக்காமலே இருந்தது. இது எனக்கு ஆறாத வருத்தம், 1957இல் உருவாக்கிய மருந்து இது.

எச்ஐவி மாத்திரையை உடனே தொடங்கிவிட வேண்டும் என்று குடும்பத்தார் அவசரப்படுவதும் புரிகிறது, ஆனால் இந்த நோயில் பொறுக்க வேண்டும். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஒன்றிரண்டு வாரத்திலேயே தொடங்கியவர்களில் 26 வாரத்தில் 45 சதவீதம் பேர் இறந்தார்கள், சுமார் 5 வாரம் கழித்துத் தொடங்கியவர்களில் 30 சதவீதம். திரும்பி வரும் எதிர்ப்புசக்தி, மிச்சமிருக்கும் பூஞ்சைப் பொருளைப் பார்த்துக் கொதித்தெழுந்து மூளைக்குள்ளேயே சேதம் செய்துவிடும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. அந்த வாரங்களில் ஃப்ளூகோனசோலை ஒரு வேளைகூட விடக் கூடாது.

கடைசியாக ஆன்டிஜென் பட்டை. மேலுறையின் அந்தச் சர்க்கரை, தலைவலி தொடங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே ரத்தத்தில் தெரிந்துவிடும். ஒரு துளி சீரம், 10 நிமிடம், இரண்டு கோடு வந்தால் பாசிட்டிவ். சிடி4 100க்குக் கீழே இருக்கும் எல்லோருக்கும் கட்டாயம் செய்யச் சொல்கிறார்கள், 200க்குக் கீழே இருந்தாலும் செய்யலாம். பாசிட்டிவ் வந்தால் முதுகில் நீர் எடுத்து மூளைக்குப் போகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஃப்ளூகோனசோல் மாத்திரையிலேயே நோயை நிறுத்திவிடலாம். தான்சானியாவிலும் ஜாம்பியாவிலும் இந்தப் பரிசோதனையோடு, வீடு தேடிப் போய் மாத்திரை சாப்பிட வைக்கும் பணியாளர்களையும் சேர்த்துச் செய்தபோது, முற்றிய எச்ஐவி நோயாளிகளின் சாவு 28 சதவீதம் குறைந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது சிடி4 ரிப்போர்ட் 200க்குக் கீழே வந்திருந்தால், அடுத்த முறை எச்ஐவி மருந்து கொடுக்கும் ஏஆர்டி மையத்துக்குப் போகும்போது கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.